மலைக்கு எந்தப் பழைய கார்? பொகவந்தலாவை டீச்சருக்கு ஒரு பதில்

டீச்சர், நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வேலை. தினமும் போய்வர இருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே, அதில் கடைசி நாலு கிலோமீற்றர் தார் பெயர்ந்து கல் துருத்திக்கொண்டிருக்கும் தோட்டத்து ரோடு. மாதம் ஒரு தடவை அம்மாவைப் பேராதனை ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும். பிள்ளைகள் இரண்டு பேர். கையில் 25 லட்சம், தேவைப்பட்டால் கொஞ்சம் லீசிங். வீட்டுக்காரர் ஆல்டோ என்கிறார், அவருடைய மச்சான் ஹைப்ரிட்தான் பெற்றோல் மிச்சம் என்கிறார், ஸ்கூலில் ஒரு சேர் பழைய விட்ஸ் சாகாத வண்டி என்று சத்தியம் பண்ணுகிறார். டிக்கோயாவில் விற்பனைக்கு இருக்கும் ஒரு 2013 ஆல்டோவையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எது நம்பகமானது, எது செலவு வைக்காது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள், "அம்மாவை வைத்துக்கொண்டு கினிகத்தேனை இறக்கத்தில் போகத்தான் பயம்" என்று. எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. கார் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் "மலை ஏறுமா" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் இறக்கத்தைக் கேட்டுவிட்டீர்கள், அதனால் அங்கிருந்தே பேசலாம்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹட்டனில் இருபது வருடத்துக்கு மேலாகக் கராஜ் வைத்திருக்கிறேன். என் கை பழகியது சின்ன பெற்றோல் வண்டிகளில். கிளட்ச், பிரேக், என்ஜின், கீழ்ப்பக்க வேலை எல்லாம் செய்வேன். ஹைப்ரிட் பெட்டரியை நான் திறப்பதில்லை. ஸ்கேனர் போட்டுப் பார்த்து, கோளாறு இருந்தால் கண்டிக்கு அனுப்பிவிடுவேன். ஆகவே ஹைப்ரிட் பற்றிக் கீழே சொல்வதை வெளியிலிருந்து பார்த்தவன் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைக் கையில் ஒயில் பட்டவன் சொன்னதாக.

விலையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, இன்றைக்கு எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 பெப்ரவரியில் கார்களுக்குத் திரும்பத் திறக்கும் வரை புதுசு வருவது ஏறக்குறைய நின்றே போனது, இருந்ததையே நாம் கைமாற்றிக் கைமாற்றி ஓட்டினோம். பத்து வருடம் ஓடிய ஆல்டோ, புதிதாக எடுத்த விலையைவிடக் கூடுதலாக விற்றதெல்லாம் அந்தக் காலத்தில்தான். திறந்த பிறகும் வரி பெரிசு, அதனால் பழைய வண்டி மலிவாகிவிடவில்லை. இதனால் நமக்கு வந்த வினை என்னவென்றால், ஐந்து வருடம் "ஓடினால் போதும்" என்று ஒட்டுப்போட்டு ஓட்டிய வண்டிகள்தான் இப்போது சந்தையில் நிற்கின்றன. அதனால் மொடல் எது என்பதைவிட, அந்த ஒரு குறிப்பிட்ட வண்டி யார் கையில், எந்த ரோட்டில் இருந்தது என்பதுதான் பெரிசு. நல்லபடி பார்த்துக்கொண்ட மாருதி 800, அடிபட்ட விட்ஸைவிட உங்களுக்கு நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏற்றத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உயரம் கூடக்கூடக் காற்று மெலியும், என்ஜினுக்குக் கிடைப்பது குறையும். டர்போ இல்லாத வண்டிக்கு ஆயிரம் மீற்றருக்குச் சுமார் பத்து வீதம் பலம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆல்டோ 800இன் 796 சிசி என்ஜினுக்குக் கடல் மட்டத்தில் 47 குதிரைவலு. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அதே என்ஜின் 40க்கும் கீழேதான் தரும். அதில் நாலு பேரும் ஒரு மூட்டை மரக்கறியும் ஏறினால் செக்கன்ட் கியரில் முனகிக்கொண்டுதான் போகும். முனகட்டும், அது கோளாறு இல்லை. கொழும்பில் ஓட்டிப் பார்த்து "சூப்பர் புல்லிங்" என்று வாங்கி வந்தவர்கள் என்னிடம் வந்து என்ஜின் வீக்காகிவிட்டது என்று முறையிடுவார்கள். என்ஜின் அப்படியேதான் இருக்கிறது, மலைதான் உயர்ந்துவிட்டது. சின்ன வண்டியில் ஏற்றத்தில் பார்க்க வேண்டியது கிளட்சும் வெப்பமும் மட்டும்.

இறக்கம் வேறு கதை. நீங்கள் பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் வண்டியின் வேகம் சூடாக மாறி டிஸ்கிலும் பேடிலும் இறங்குகிறது. ஹட்டனிலிருந்து வட்டவளை தாண்டிக் கினிகத்தேனை வரை காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு பிரேக் ஒயிலுக்குப் போகும். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாமான். புதிய டொட் 3 (DOT 3) ரக ஒயில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழைய ஒயிலுக்கு அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் குழாய்க்குள் குமிழி. குமிழி நசுங்கும், ஒயில் நசுங்காது, ஆகவே பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. "பிரேக் ஃபெயில்" என்று நாம் சொல்வதில் நிறையப் பங்கு இதுதான், பிரேக் உடைந்து போவதில்லை. சிரிப்பு என்னவென்றால் இதற்கு மருந்து மிக மலிவு. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பிரேக் ஒயிலை முழுதாக மாற்றினால் போதும். ஆனால் என் கராஜுக்கு வரும் பத்து வண்டியில் எட்டில் ஒயில் டிக்கோஷன் நிறத்தில்தான் இருக்கும். வாங்கப் போகும் வண்டியில் அந்தச் சின்ன டப்பாவை எட்டிப் பாருங்கள். இளமஞ்சளாக இருந்தால் உரிமையாளர் பொறுப்பானவர். சாயத்தண்ணியாக இருந்தால் மற்ற இடத்திலும் அப்படித்தான் இருந்திருப்பார்.

இறக்கத்தில் கியர்தான் உங்கள் முதல் பிரேக். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய லொறிக்காரர்கள் சொல்வது இன்றைக்கும் சரி. நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது என்ஜினுக்குப் பெற்றோல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்காகக் குடித்துக்கொண்டிருக்கும். அதைவிட மோசம் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தி இறங்குவது. பிரேக்கின் உதவிப் பலமும் போகும், பவர் ஸ்டியரிங்கும் போகும். வீட்டுக்காரருக்கு அந்தப் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள், பழி என் மேல் இருக்கட்டும்.

சரி, வண்டிகளுக்கு வருவோம். வீட்டுக்காரர் சொல்லும் ஆல்டோவுக்கு நான் பாதி ஆமாம் சொல்வேன். மெனுவல் கியர், இறக்கத்தில் கட்டுப்பாடு உங்கள் கையில். எடை குறைவு, பிரேக்குக்கு வேலை குறைவு. பொகவந்தலாவையில் எந்த மெக்கானிக் பாஸும் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வார், பார்ட்ஸ் ஹட்டன் டவுனிலேயே கிடைக்கும், அங்கே இல்லாவிட்டால் பஸ்ஸில் ஏறிக் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பார்ட்ஸ் கடைகளுக்குப் போனால் நிச்சயம் கிடைக்கும். அதன் என்ஜினுக்கு டைமிங் பெல்ட் இருக்கிறது, செயின் இல்லை. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத ஆல்டோவும் ஓடுகிறது, பின்னிப் பின்னிப் போகும் நம் வளைவுகளில் அது தோள்பட்டைக்கு வேலை, அதையும் பாருங்கள். மீதிப் பாதி ஆமாமை ஏன் பிடித்து வைத்திருக்கிறேன் என்றால் பாதுகாப்பு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற பாதுகாப்புச் சோதனை அமைப்பு இந்திய ஆல்டோ 800ஐ மோதிப் பார்த்தபோது ஏர்பேக் இல்லாத வண்டிக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. மாருதி 800 அதைவிடப் பழைய கட்டமைப்பு. மெதுவாகப் போகும் தோட்டத்து ரோட்டுக்கு இது பெரிய கவலை இல்லை, மாதம் ஒரு தடவை கம்பளை ரோட்டில் பஸ்களுக்கு நடுவே போவதற்குக் கவலைதான். இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், தெரியாமல் வாங்காதீர்கள்.

ஸ்கூல் சேர் சொல்லும் விட்ஸ் நல்ல வண்டிதான், நான் மறுக்கவில்லை. 2005க்குப் பிறகு வந்த 1000 சிசி மூன்று சிலிண்டர் விட்ஸ் ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் தொந்தரவு தராது. ஐடிலில் கொஞ்சம் நடுங்கும், மூன்று சிலிண்டர் அப்படித்தான், ஆனால் டாஷ்போர்டே ஆடினால் என்ஜின் மவுன்ட் ரப்பர் போயிருக்கிறது. அதன் ஓட்டோ கியரில்தான் என் கண் இருக்கும், பழைய ஓட்டோ கியர் கெட்டால் பெரிய தொகை அதற்கே போகும். மலேசியாவில் செய்த பெரொதுவா விவா எலைட்டும் பாருங்கள். உள்ளே பெரும்பாலும் டைஹட்சு மிரா, பெயர் மட்டும் வேறு. மெனுவல் விவா ஒன்று சுத்தமாகக் கிடைத்தால் ஆல்டோவுக்கு முன்னால் அதைத்தான் நான் எடுப்பேன், மலையில் அந்த 1000 சிசிக்கு மூச்சு கொஞ்சம் கூட. நிசான் மார்ச்சில் 1990களின் கே11 ஓட்டோவை விட்டுவிடுங்கள், அதன் சி.வி.டி.யில் (படிப்படியாக மாறாமல் ஓடும் ஓட்டோ கியர்) மின்காந்தக் கிளட்ச் ஒன்று இருக்கிறது, இந்த வயதில் அதைச் சரியாகச் செய்பவரைத் தேடி அலைய வேண்டும். அடுத்து வந்த கே12 பரவாயில்லை.

ஹைப்ரிட்டில் வேகன் ஆர், அக்வா, ஹோண்டா ஃபிட் மூன்றையும் ஒரே கூடையில் போடக்கூடாது. வேகன் ஆர் என்று ஊரெல்லாம் ஓடும் 660 சிசி வண்டியில் சின்ன லித்தியம் பெட்டரியும் ஜெனரேட்டர் மோட்டாரும் என்ஜினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். அதுவும் 2014க்குப் பிறகு வந்தவற்றில். பெட்டரி மட்டும் தனியாக வண்டியை மலை ஏற்றிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதில் நான் பார்ப்பது சி.வி.டி. ஒயில் மாற்றிய பில், சரியான ஒயில் ஊற்றினார்களா என்பது. இறக்கத்தில் டி-யிலேயே (D) விடாமல் எல்-லில் (L) போட்டு இறங்கப் பழக வேண்டும். ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்ஸும் இருப்பது ஆல்டோவுக்கு இல்லாத பெரிய நிம்மதி. டொயோட்டா அக்வா முழு ஹைப்ரிட். நீண்ட இறக்கத்தில் பெட்டரி நிறைந்துவிட்டால் மோட்டார் பிரேக் பிடிப்பது குறையும், என்ஜின் பிரேக்குக்கான பி-யில் (B, பார்க்கிங் P இல்லை) போட்டால் என்ஜின் திடீரென்று இரையும், அதைக் கேட்டுப் பயந்துபோய் ரம்பொடையில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் எடுத்தவர்கள் உண்டு. அது அதன் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பின் சீட்டுப் பக்கத்தில் பெட்டரிக்குக் காற்று இழுக்கும் சின்ன ஜன்னல் இருக்கிறது, அதன் வலை தூசியில் அடைபட்டால் பெட்டரி சூடாகிச் சீக்கிரம் போகும், வாங்கப் போகும்போது அங்கே விரலை விட்டுப் பாருங்கள். மூன்றாவது, 2013இல் வந்த ஃபிட் ஜி.பி.5. இரட்டைக் கிளட்ச் கியர். வெளிவந்த முதல் ஓராண்டுக்குள் ஜப்பானிலேயே பல தடவை திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். ஏற்றத்தில் வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் சூடாகும். ஓட்டத் தெரிந்தவர் கையில் நன்றாக ஓடுகிற வண்டிகள் இருக்கின்றன, ஆனால் உங்கள் வேலைக்கு அது வேண்டாம். மச்சானிடம் ஒன்று கேளுங்கள். தினமும் இருபது கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு மாதம் எத்தனை லீற்றர் மிச்சமாகும், அந்தப் பணத்தில் ஒரு ஹைப்ரிட் பெட்டரி வாங்க எத்தனை வருடம் ஆகும் என்று. அவரே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

வண்டி பார்க்கப் போவதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் நானே ஏமாந்தவன். என் சொந்தப் பணத்தில் வாங்கிய முதல் கார், ஒரு ஜப்பான் சின்ன வண்டி, கண்டிப் பக்கம் ஒரு கார் சேலில். மத்தியானம் போனேன். ஸ்டார்ட் பண்ணியதும் பட்டு மாதிரி ஓடியது, சுற்றி ஓட்டிப் பார்த்தேன், விலை பேசினேன், ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் காலை ஆறு மணி, ஹட்டன் குளிர், சாவியைத் திருப்புகிறேன், மூன்று காலில் நிற்கும் மாடு மாதிரி நொண்டுகிறது, பின்னால் வெள்ளைப் புகை, இனிப்பு வாடை. இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. இரவெல்லாம் கூலன்ட் ஒரு சிலிண்டருக்குள் கசிந்திருக்கிறது, என்ஜினின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. நான் போவதற்கு முன்னமே அவர்கள் என்ஜினைச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள், பொனெட்டில் கை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கராஜ்காரன் என்ற திமிர், வேறென்ன. அன்றிலிருந்து யாருக்கு வண்டி பார்க்கப் போனாலும் காலையில்தான் போவேன், "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல்நாளே சொல்லிவிட்டு. பொனெட் சூடாக இருந்தால் காரணம் கேட்பேன், பதில் வழவழ என்றால் அப்படியே திரும்பிவிடுவேன்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. யூடியூப் பார்த்துவிட்டு வந்து ஒயில் மூடியைத் திறந்து, உள்ளே வெள்ளையாகக் கிரீம் மாதிரி இருந்தால் "ஹெட் கேஸ்கெட் போயிட்டு" என்று முடிவு கட்டுகிறார்கள். நம் ஊரில் அது எப்போதும் உண்மையில்லை. குளிரிலும் ஈரத்திலும் நாலு கிலோமீற்றர் ஓடி நிறுத்தும் வண்டியில் என்ஜின் முழுச்சூடு ஏறுவதே இல்லை. உள்ளே வியர்த்த தண்ணீர் மூடியில் ஒயிலோடு கலந்து அந்தக் கிரீம் சேரும். வட்டவளை, நோர்வூட் பக்கத்து நல்ல வண்டியிலும் நான் அதைப் பார்த்திருக்கிறேன். டிப்ஸ்டிக்கில் ஒயில் சுத்தமாக இருந்து, கூலன்டில் ஒயில் படலம் இல்லாமல், கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால் மூடியில் இருப்பதைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். குளிர் காலையில் சைலன்சரில் வரும் வெள்ளை ஆவியும் அப்படித்தான், சூடானதும் நின்றால் அது வெறும் ஆவி. சூடான பிறகும் நிற்காவிட்டால்தான் பேச்சு. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, அதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இப்போது பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்ததில் கம்பளை உட்படப் பல இடங்களில் வெள்ளம் வீட்டுக்குள்ளேயே ஏறியது, கார்கள் மட்டும் தப்பியிருக்குமா? தண்ணீரில் கிடந்தவை கழுவி, சீட் கவர் மாற்றி, வாசனை அடித்துச் சந்தைக்கு வரும். என்ஜினைச் சரிசெய்யலாம், வயரிங் சாக்கெட்டுகளுக்குள் பச்சை பூத்தால் அது வருடக்கணக்கில் தலைவலி. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை, இனி வராது என்னும்வரை, இழுங்கள். எல்லோரும் சீட்டைக் கழுவுவார்கள், பெல்ட்டின் உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு அடியை யாரும் கழுவுவதில்லை. அதில் மங்கிய பழுப்புக் கோடு ஒன்று ஓடினால், தண்ணீர் எங்கே வரை ஏறி நின்றது என்று அந்தக் கோடே சொல்லும். அப்புறம் டிக்கியில் ஸ்பெயார் டயரைத் தூக்கி அடியில் விரலால் தடவுங்கள், மெல்லிய வண்டல் மணல் ஒட்டும். ஈர வாடையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், நம் மழையில் நல்ல காரிலும் கம்பளம் நாறும்.

கீழ்ப்பக்கம் நீங்கள் பார்க்க முடியாது, சர்வீஸ் ஸ்டேஷனில் தூக்கிப் பார்க்க வேண்டும், அதற்குக் கொடுக்கும் காசு வீணில்லை. தோட்டத்து ரோட்டில் ஓடிய வண்டியின் அடியில் என்ஜின் ஒயில் நிற்கும் சம்பில் கல் அடித்த பள்ளம் இருக்கும், சின்னதென்றால் மன்னிக்கலாம். லோவர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்து, கண்ணாடியை இறக்கி, மெதுவாக வட்டம் போடுங்கள். டக் டக் டக் என்று கேட்டால் சி.வி. ஜாயின்ட். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம், 1419 என்றால் 2019இன் பதினான்காவது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு ஏழு வருடம் தாண்டிய டயரை நம் வளைவுகளில், அதுவும் மழையில், நான் நம்புவதில்லை. நாலு டயரும் நாலு கம்பனி என்றால் ஆள் எப்படிப்பட்டவர் என்று புரிந்துவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது டவுனுக்குள் சுற்றாதீர்கள். ஒரு நல்ல ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, ஹேன்ட்பிரேக்கை மட்டும் போட்டுக் காலை எடுங்கள், நகரக்கூடாது. அங்கேயே ஃபர்ஸ்டில் எடுத்துப் புறப்படுங்கள், கிளட்ச் அதிராமல், எரிந்த வாடை வராமல் ஏற வேண்டும். சமதரையில் ஹேன்ட்பிரேக்கைப் போட்டுத் தேர்ட் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள், என்ஜின் நின்றால் கிளட்ச் நல்லது, நிற்காமல் இரைந்துகொண்டே இருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது. பிறகு ஐந்தாறு கிலோமீற்றர் இறக்கம், பாதி கியரில், பாதி பிரேக்கில். கீழே வந்து நிறுத்தி இறங்கி, நாலு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையைக் கிட்டக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், பொத்துப்போகும். முன்சக்கரங்களில் ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி தகித்தால் அந்தச் சக்கரத்துப் பிரேக்கை அழுத்தும் கேலிப்பர் இறுகியிருக்கிறது. மீற்றரைப் பார்த்து மயங்காதீர்கள். 60,000 என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழு என்று தேய்ந்து, ஓட்டுநர் சீட்டின் ஓரம் அமுங்கியிருந்தால் நான் பெடலைத்தான் நம்புவேன்.

பேப்பர் விஷயம் பலருக்குச் சலிப்பு, ஆனால் காசு போகும் பெரிய ஓட்டை அங்கேதான். சி.ஆர். புத்தகத்தின், அதாவது வண்டியின் பதிவுப் புத்தகத்தின், மூலப்பிரதியைப் பாருங்கள், ஃபோட்டோகொப்பி வேண்டாம். அதில் லீசிங் கம்பனியின் பெயர் உரிமையாளராக இருந்தால் கடன் தீர்த்த கடிதமும் பெயர் நீக்கமும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். என்ஜின் இலக்கம், செஸி இலக்கம் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். "ஓபன் பேப்பர்" என்று சொல்லி, யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு மூன்று கை மாறிய வண்டிகள் நம் பக்கம் ஏராளம். முதல் ஆள் வெளிநாடு போயிருப்பார் அல்லது செத்துப்போயிருப்பார், பெயர் மாற்ற நீங்கள் அலைவீர்கள். புத்தகத்தில் பெயர் உள்ளவரே அடையாள அட்டையோடு முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும், வாங்கிய 14 நாளுக்குள் உரிமை மாற்றத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். புகைச் சான்றிதழ், இன்சூரன்ஸ், ரெவனியூ லைசன் மூன்றுக்கும் திகதி பாருங்கள். புகைச் சான்றிதழ் இருப்பதால் என்ஜின் நல்லது என்று அர்த்தமில்லை, அன்றைக்குப் பாஸ் ஆனது, அவ்வளவே.

25 லட்சம் இருக்கிறது என்றால் 25 லட்சத்துக்கு வண்டி பார்க்காதீர்கள். இருபத்தொன்று, இருபத்திரண்டுக்குள் பாருங்கள். மீதி வண்டிக்குத்தான், உங்களுக்கில்லை. வாங்கிய முதல் மாதமே டைமிங் பெல்ட், பிரேக் ஒயில், கூலன்ட், என்ஜின் ஒயில், தேவைப்பட்டால் டயரும் பெட்டரியும், புஷ் வேலையும். இதைச் செய்யாமல் "ஓடுகிறதே" என்று விட்டவர்கள்தான் ஆறு மாதம் கழித்து வண்டி சரியில்லை என்று வருவார்கள். லீசிங்கைப் பற்றி நான் பேசக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். பழைய வண்டிக்கு மாதாமாதம் தவணையும் கட்டி ரிப்பேரும் பார்ப்பது, டீச்சர் சம்பளத்தில், மூச்சுத் திணறும்.

கடைசியாக, நீங்கள் குறிப்பிட்ட டிக்கோயா ஆல்டோ. 2013, டாக்டர் ஓட்டியது, 58,000 கிலோமீற்றர், புது பெயின்ட். டாக்டர்கள் ஓட்டிய வண்டிகள் விளம்பரத்தில் வருகிற அளவுக்கு இந்த நாட்டில் டாக்டர்கள் இருக்கிறார்களா என்பது தனிக் கேள்வி. பதின்மூன்று வருடத்தில் 58,000 என்றால் நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர், நடக்காத விஷயமில்லை. எனக்கு உறுத்துவது பெயின்ட்தான். முழு வண்டிக்கும் அடித்ததா, ஒரு பக்கத்துக்கு மட்டுமா என்று கேளுங்கள். கதவு ரப்பரை இழுத்து அதன் அடியில் பழைய நிறம் என்ன என்று பாருங்கள், முன்பக்கம் பொனெட்டைத் திறந்து ரேடியேட்டருக்கு மேலே உள்ள தகட்டில் வெல்டிங் புள்ளிகள் கம்பனியில் போட்டது மாதிரி ஒரே சீராக இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே சுத்தியல் அடித்த தழும்பும் கோணல்மாணல் வெல்டிங்கும் தெரிந்தால் வண்டி முன்னால் எதிலோ போய் இடித்திருக்கிறது, விலையைக் குறைத்தாலும் வேண்டாம். அது சுத்தமாக இருந்து, காலையில் குளிர் என்ஜின் ஒழுங்காக எழும்பி, உரிமையாளர் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தால், வீட்டுக்காரர் சொன்னதே சரி. சனிக்கிழமை காலை போகிறதாக இருந்தால் வெயில் வரும்வரை காத்திருக்காதீர்கள், தூறலிலேயே போங்கள், வைப்பர் வேலை செய்கிறதா, கூரையில் ஒழுகுகிறதா என்பதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.